இலையின் கீழ்ப்புறம்

திண்டிவனம்
12-9-1936

அன்புள்ள அக்காவுக்கு அமிர்தசாமி எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

வேலையில் சேர்ந்து இன்றோடு இருபது நாள். கடலை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஊருக்கு வெளியே முப்பது ஏக்கரில் சோதனைப் பண்ணை போட்டிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான். இவர்கள் கடலை என்கிற நம் மல்லாட்டைச் செடிக்கு வரும் நோய்களை வர்ணத்தில் படம் எழுதுவது என் வேலை. படங்களை அச்சடித்து ஊர் ஊராக ஒட்டப்போகிறார்களாம். பட்டணத்தில் மூன்று வருஷம் சித்திரம் படித்தவன் கடைசியில் இலை வரையவா போனாய் என்று நீ கேட்பாய். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன்.

சலிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீசர் பெயர் அரங்கநாதன். பி.எஸ்ஸி. படித்தவர், உரக்கப் பேசுகிறவர்கூட இல்லை. ஆனால் நான் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்ததும், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைப்பார். மற்றவர்கள் பார்த்த பிறகு துடைப்பதில்லை. நாலு தடவை நான் பார்த்தால் நாலு தடவையும் துடைப்பார். இதை மாமாவிடம் சொல்லாதே. வேலையை விட்டு வா என்பார்.

நான் விடமாட்டேன். காரணம் சொன்னால் நீ நம்பவேண்டும். இலைப்புள்ளி நோய் கண்ட இலை ஒன்றை முந்தாநாள் அந்தக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்கள். வெறும் கண்ணுக்கு அது துரு மாதிரி ஒரு புள்ளி. உள்ளே பார்த்தால் நடுவில் காப்பிக்கொட்டை நிறம், அதைச் சுற்றி மஞ்சள் வளையம், மஞ்சள் பச்சைக்குள் கரைகிற இடத்தில் எனக்குப் பெயர் தெரியாத ஒரு நிறம். புள்ளியின் மேல் பூஞ்சைவிதைகள் தேன் நிறத்தில், முருங்கைக்காய் போலக் கணுக்கணுவாக நிற்கின்றன. கோயில் கண்ணாடி ஜன்னலில் வெயில் விழும்போதுகூட நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை அக்கா. பிரஷைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

பண்ணைச் செடிகளில் நோய் சரியாகப் பிடிக்கவில்லை. உன் மல்லாட்டைக் கொல்லையில் இந்த வருஷம் புள்ளி விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் நல்லதாக ஐந்தாறு இலை பறித்து, புத்தகத்தின் நடுவில் வைத்து அழுத்தி அனுப்பு. நீயும் பார்க்க வேண்டும் என்று என் பூதக்கண்ணாடியைத் தனிப் பொட்டலமாகப் போட்டிருக்கிறேன்.

உன் தம்பி
அமிர்தசாமி


ஏரிப்பாக்கம், கூட்டேரிப்பட்டு அஞ்சல்
27-9-1936

தம்பி அமிர்தசாமிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொல்லையிலேயே கொடுத்தார். வரப்பில் நின்று நானே படித்தேன். பிறகு உன் மாமா கேட்டாரே என்று அவருக்கும் படித்துக் காட்டினேன். ஸ்பிரிட் விஷயத்தை விட்டுவிட்டுப் படித்தேன். மற்றதைப் படிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

புள்ளி விழுந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். விழுந்திருக்கிறது. குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரிலும் விழுந்திருக்கிறது. அடி இலையெல்லாம் கொட்டி, செடி துடைப்பக்குச்சி போல நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு செடிக்கு நாலு காய், அதில் இரண்டு பொக்கு. மண்ணில் உதிர்ந்ததைப் பொறுக்கக்கூட ஒன்றும் இல்லாததால், இந்தத் தடவை பிள்ளைகளைக் கொல்லைக்கே அழைத்துப்போகவில்லை.

உன் மாமா கடிதத்தைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாத்தினார். பிறகு, "ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்குதாமா? உன் தம்பிய இங்க வந்து பாத்துக்கினு போகச் சொல்லு. ஒன்றரை ஏக்கர் ஜன்னல் இருக்குது" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நல்லதாக ஐந்தாறு இலை என்று எழுதியிருக்கிறாய். நல்லது என்றால் எது தம்பி? அதிகம் கெட்டுப்போனது உனக்கு நல்லதா? நீ சின்ன வயசில் செத்த பொன்வண்டைப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துப் பார்ப்பாய். அப்போது நான் உன்னைத் திட்டியதில்லை. இப்போது திட்டுகிறேன்.

இலை அனுப்ப மாட்டேன். கண்ணாடி வந்தது. பிரிக்காமல் பரணில் போட்டிருக்கிறேன்.

சவுரியம்மாள்


திண்டிவனம்
9-10-1936

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதினால் நான் பார்த்தது பொய் என்று ஆகிறது. பார்த்தது நிஜம் என்று எழுதினால் உன் கொல்லையை மிதித்துக்கொண்டு நடப்பதாக ஆகிறது. இரண்டும் எனக்குச் சரியாக வரவில்லை. மாமாவிடம் மட்டும், நான் வெட்கப்பட்டேன் என்று சொல்.

வெட்கத்தோடு உட்கார்ந்திருக்காமல் ஆபீசரிடம் போய், இதற்கு மருந்து உண்டா என்று கேட்டேன். உண்டு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனி மண்பாண்டத்தில் கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பிறகு இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் ஆகாய நிறத்தில் ஒரு நீர் வரும். தீட்டிய கத்தியை அதில் முக்கி எடு. கத்தி சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். கத்தி வெள்ளையாகவே இருந்தால் இலை கருகாது, தெளிக்கலாம். அளவை இதன் பின்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். புள்ளி நிறைய வந்த பிறகு தெளித்துப் பயனில்லை. முதல் புள்ளி கண்டதும் ஆரம்பிக்க வேண்டும். இந்த வருஷத்துக்கு உனக்கு உதவாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. இதைச் சொல்ல எனக்கு இங்கே ஆள் இல்லை. பதினெட்டு இலை வரைந்தாகிவிட்டது. வரைய வரைய, எல்லாம் ஒரே புள்ளி இல்லை என்று தோன்றுகிறது. ஒன்று மஞ்சள் வளையம் போட்டது. இலையைத் திருப்பினால் அதன் கீழ்ப்புறம் வெறும் பழுப்பு. இன்னொன்று சின்னது, கறுப்பு, வளையம் இல்லை அல்லது இருக்கிறதா என்று சந்தேகம். அதன் கீழ்ப்புறம் கரி மாதிரி இருக்கிறது. ஒரே நோயின் பிள்ளைப் பருவமும் முதுமையும் இவை என்று ஆபீசரின் புத்தகம் சொல்கிறது. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுவதை நான் எந்த இலையிலும் பார்க்கவில்லை.

ஆபீசரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடிக்கொண்டே, "வரையறது உன் வேலை. யோசிக்கிறது என் வேலை" என்றார். நான் எழுந்து வந்த பிறகு மைக்ராஸ்கோப்பைத் துடைத்தார். அன்றைக்கு நான் அதில் பார்க்கவே இல்லை.

இலை கேட்கமாட்டேன். உனக்கு மனம் வந்தால், கொல்லையில் எந்தப் புள்ளி முதலில் வந்தது என்று மட்டும் எழுது.

அமிர்தசாமி


ஏரிப்பாக்கம்
18-11-1936

தம்பிக்கு,

நேற்றோடு பிடுங்கி முடித்தோம். விழுப்புரம் மண்டிக்கு ஒரு மூட்டைதான் போயிற்று. போன வருஷம் ஏழு. அதைப் பற்றி எழுதவில்லை.

உன் மாமாவிடம் நீ வெட்கப்பட்டதைச் சொன்னேன். "சரி" என்றார். மருந்து அளவு எழுதிய பக்கத்தைக் கிழித்து அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அவர்தான் வைத்திருக்கிறார்.

எந்தப் புள்ளி முதலில் வந்தது என்று கேட்டாய். நீ கேட்டதற்காகப் பார்க்கவில்லை. களை எடுக்கிறவள் கண்ணில் படாமல் இருக்குமா? விதைத்து ஒரு மாசத்தில் அடி இலையில் மஞ்சள் கட்டின புள்ளி வந்துவிட்டது. கறுப்புப் புள்ளி அதற்குப் பிறகு, பூ இறங்கிக் காய் பிடிக்கும்போது. ஒரே இலையில் இரண்டும் உண்டு. உன் கடிதம் வந்த பிறகு, மேல் இலைகளில் மிஞ்சின மஞ்சள் புள்ளிகளில் ஐந்துக்கு, இலைக்காம்பில் கோணி ஊசி நூலால் அடையாளம் கட்டி வைத்தேன். இலை உதிரும்வரை அவை மஞ்சள் புள்ளியாகவே இருந்தன. கறுப்பாக மாறவில்லை. நீ சொன்னதுதான் சரி. புத்தகம் தப்பு.

பரணிலிருந்து கண்ணாடியையும் எடுத்தேன். பக்கத்துக் கொல்லை பாஞ்சாலி, "என்னாடி இலைய மூஞ்சியில ஒட்டிக்கினு நிக்கிற" என்று கேட்டாள். அவளுக்கும் கொடுத்தேன். கறுப்புப் புள்ளியின் கீழ்ப்புறத்தைப் பார்த்திருக்கிறாயா? மை தொட்ட ஊசியால் வட்டத்துக்குள் வட்டமாகக் குத்தினது போல இருக்கிறது. ஒரு குத்துகூட வரிசை தப்பவில்லை. பாஞ்சாலி பார்த்துவிட்டு, பச்சை குத்துகிறவளுக்கு இவ்வளவு கை நிதானம் வராது என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மொட்டைக் கொல்லையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது அழகாகத்தான் இருக்கிறது. நான் சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. நம் சோற்றைத் தின்கிறது அவலட்சணமாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இப்படி இருந்தால் யாரைத் திட்டுவது? எனக்கு அதுதான் ஆத்திரம்.

பன்னிரண்டு இலை வைத்திருக்கிறேன். பிள்ளையின் ஞான உபதேசப் புத்தகத்தில் அழுத்தினேன். புத்தகத்தைத் திருப்பி அனுப்பு.

சவுரியம்மாள்


திண்டிவனம்
2-8-1937

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு மாதமாக நான் சரியாக எழுதவில்லை. எழுத முகமில்லாமல் போய்விட்டது. இப்போதும் நல்ல சேதி இல்லை. இருந்தாலும் இந்தச் சேதி உனக்கு என் வாயாலேயே தெரியவேண்டும்.

நீ அனுப்பிய இலைகளை வைத்து இரண்டு மாதம் வேலை செய்தேன். ஒரே தாளில் இடது பக்கம் மஞ்சள் வளையப் புள்ளி, அதன் மேல்புறமும் கீழ்ப்புறமும். வலது பக்கம் கறுப்புப் புள்ளி, அதன் மேல்புறமும் கீழ்ப்புறமும். நீ சொன்ன அந்த ஊசிக்குத்து வட்டங்களை எறும்பு மயிர் பிரஷால் போட்டேன் என்று வைத்துக்கொள், அவ்வளவு மெல்லிசு. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல வேலை அது.

ஆபீசர் பார்த்தார். முகம் மலர்ந்தது. படம் பிரமாதம் என்று முதல் தடவையாகச் சொன்னார். பிறகு, ஒரு நோய்க்கு எதற்கு இரண்டு படம், அச்சுக்கூலி கூடும், குடியானவன் குழம்புவான் என்றார். இடது பக்கத்து மேல்புறம்தான் வர்ணம் நன்றாக இருக்கிறது, வலது பக்கத்துக் கீழ்ப்புறம்தான் வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்து ஒரே புள்ளியாகப் போடு என்றார்.

அப்படி ஒரு புள்ளி உலகத்தில் இல்லை என்று சொன்னேன். உன் நூல் கட்டிய ஐந்து புள்ளிகளைச் சொன்னேன். கூலி வேலை செய்யும் பொம்பளை சொன்னதை வைத்தா சயன்ஸ் எழுதுவது என்று கேட்டார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போல, "படம் பாக்க நல்லா இருந்தா போதும்பா. சுவத்துல ஒட்டறதுதானே" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். சரி என்று என் தாளை எடுத்து அச்சாபீசுக்கு அனுப்பிவிட்டார். அங்கே வெட்டி ஒட்டி ஒன்றாக்கிவிட்டார்கள். நேற்று கட்டுக் கட்டாக வந்திறங்கியது. மேலே மஞ்சள் வளையம், அதே புள்ளிக்குக் கீழே கறுப்பு வட்டம். அடியில், இப்படத்தில் கண்டவாறு புள்ளி தோன்றியதும் மருந்து தெளிக்கவும் என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் அரங்கநாதன் பெயர். என் பெயர் இல்லை. இல்லாதது நல்லது என்று முதலில் நினைத்தேன். பிறகு அதுவும் சரியில்லை என்று தோன்றிவிட்டது. பொய்யில் பாதி என் கை.

உங்கள் பக்கமும் ஒட்ட வருவார்கள். நீ அந்தப் படத்தை நம்பாதே.

அமிர்தசாமி


ஏரிப்பாக்கம்
21-11-1937

தம்பிக்கு,

படம் வந்தது. நீ எழுதிய நாலாம் நாளே கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும் இடத்தில், சோடாக்கடைக்காரர் விருத்தாசலத்தின் கடைத் தட்டியில் ஒட்டினார்கள். நம் கோயில் சுவரிலும் ஒன்று. கம்பெனி ஆள் தெலுங்கும் தமிழுமாக ஏதோ பேசிவிட்டுப் போனார். சனங்கள் நாலு நாள் நின்று நின்று பார்த்தார்கள். வர்ணம் அவ்வளவு நன்றாக இருந்தது. பாஞ்சாலி ஒன்றைக் கிழித்துக்கொண்டுபோய் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

நான் நம்பவில்லை. மற்றவர்கள் நம்பினார்கள். மஞ்சள் புள்ளி வந்ததும் இலையைத் திருப்பிப் பார்த்தார்கள். கீழே கறுப்பு இல்லை. அப்படியானால் இது அந்த நோய் இல்லை, வெயிலில் விழுந்த புள்ளி என்று விட்டுவிட்டார்கள். நான் வீடு வீடாகச் சொன்னேன். அச்சில் வந்த படத்தை விட்டுவிட்டுச் சவுரியம்மா சொல்கிறதைக் கேட்க யாருக்குப் பைத்தியம்? பெரிய கொல்லைக்காரர்கள் விழுப்புரத்திலிருந்து துத்தம் வாங்கி மூட்டையாக வைத்துக்கொண்டு, படத்திலுள்ள புள்ளி எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. வந்தது வேறு, வளையமில்லாத கறுப்புப் புள்ளி. அது வந்தபோது செடியில் இலையே இல்லை.

நாங்கள் முதல் புள்ளி கண்ட அன்றே தெளித்தோம். கையில் இருந்த துத்தம் நாலு சாலுக்கு, நாலு வரிசைச் செடிக்குத்தான் வந்தது. கலக்கின நீரைப் பார்த்து உன் மாமா, மாதாவின் முக்காடு நிறம் என்றார். கத்தியை முக்கி எடுத்து ஒவ்வொரு தடவையும் என்னிடம் காட்டினார். மூங்கில் பீச்சாங்குழலால் அடித்தார். சாலில் இலையெல்லாம் நீலம் பூத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். இன்றைக்கு அந்த நாலு சால்தான் பச்சையாக நிற்கிறது. ஊரில் வேறெங்கும் பச்சை இல்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறார்கள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

நீ மாட்டேன் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். சொல்லிவிட்டு அங்கேயே ஏன் உட்கார்ந்திருந்தாய்? தாளை அவர் எடுக்கும்போது நீ எங்கே இருந்தாய்? அது தப்பு என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் பேச்சு இந்தத் தெருவைத் தாண்டாது. உன் பேச்சு தாண்டும் என்றுதானே உன்னைப் படிக்க அனுப்பினோம்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
15-12-1937

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆபீசர் மேஜைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். படித்துக் காட்டினேன். பெரிய கொல்லைக்காரர்கள் காத்திருந்த இடம் வந்ததும் அவர் முகம் மாறியது. அதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், ஏற்றுக்கொள்வார் என்று நினைத்தேன். பிறகு அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மழை தப்பினால் கம்பெனி என்ன செய்யும் என்றார். இந்த வருஷம் மழை தப்பவில்லை என்றேன். அச்சடித்த பத்தாயிரம் தாளையும் திரும்பப் பெற மேலிடத்துக்கு எழுதினால் தன் வேலை போகும் என்றார். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன் என்றேன். "நீ எழுதினா யாரு படிப்பா?" என்றார். அவர் மிரட்டவில்லை அக்கா. நிஜமாகவே கேட்டார்.

எழுதினேன். பதில் வந்தது, என் கணக்கு முடிக்கப்பட்டது என்று. எழுதியதற்கு வேறு பதில் இல்லை.

இங்கே ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுகிறேன். அரண்மனை, காடு, ராஜபாட்டை. காட்டுத் திரையில் மரத்துக்கு மரம் இலை ஒரே மாதிரி இருந்தால் போதும், தூரத்தில் தெரியாது என்கிறார் முதலாளி. தெரியாதுதான். நான் ஒரே மாதிரிதான் போடுகிறேன். சாயங்காலம் கண் எரிகிறது.

ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தில் உன் வீடு. அங்கே வந்து அந்த நாலு சாலைப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

அமிர்தசாமி


ஏரிப்பாக்கம்
6-1-1938

தம்பிக்கு,

திரைச்சீலைக்குத் தரும் வர்ணம் சுவரில் நிற்குமா என்று எழுது.

சோடாக்கடைக்காரர் விருத்தாசலத்தைப் பார்த்துப் பேசிவந்தேன். சோடாக்கடைக்கு மேற்கே அவர் குடோன் சுவர் இருக்கிறது, ரோட்டைப் பார்த்தது. அங்கே நின்றுதான் எல்லா ஊர்ச் சனங்களும் பஸ் ஏறுகிறார்கள். நம் சேரிச் சுவரில் எழுதினால் பெரிய தெருக்காரர்கள் வந்து பார்க்கமாட்டார்கள், அந்தச் சுவரில் எழுதினால் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்துத்தான் ஆகவேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஓரத்தில் கலர் சோடா பாட்டில் ஒன்று எழுத வேண்டுமாம். பாட்டில் எழுத உனக்கு மானக்குறைவு என்றால் இப்போதே சொல்லிவிடு.

உன் மாமா சாரம் கட்டித் தருகிறார். பேசமாட்டார், ஆனால் கட்டுவார். சித்திரைக்குள் வா. வராவிட்டால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே. நான் படிக்கமாட்டேன்.

சவுரியம்மாள்


விழுப்புரம்
11-5-1938

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். முதுகு இன்னும் நிமிரவில்லை. பதினேழு நாள் வெயிலில் அண்ணாந்து நின்றதை நினைத்தால் நாடகத்திரை சுகபோகம்.

எனக்குத் திருப்தி இல்லை. சுண்ணாம்பு என் மஞ்சளைத் தின்றுவிட்டது. இரண்டு பூச்சுக்குப் பிறகும் அந்த வளையம் பச்சையோடு கரையும் இடம் வரவில்லை. நீ பஸ்ஸில் வந்து இறங்கி, தூரத்தில் நின்று, "மஞ்சள் பத்தலடா, புள்ளி காஞ்சி கெடக்குது" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாயே, அப்போது உன்னை அடிக்கலாம் போல இருந்தது. நீ சொன்னது சரியாக இருந்ததால்தான்.

மாமா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார். கறுப்புப் புள்ளியின் கீழ்ப்புறத்தை முடித்துவிட்டு நான் சாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வட்டமும் ஒரு தட்டு அளவு. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நம்மள தின்னது இதுவா" என்றார். ஆமாம் மாமா என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விதைத்த பிறகு என்ன நடக்கிறது என்று எழுது. நாடகக் கம்பெனி சேலம் பக்கம் போகிறது. விலாசம் அனுப்புகிறேன்.

அமிர்தசாமி


ஏரிப்பாக்கம்
8-10-1939

அன்புள்ள தம்பி அமிர்தசாமிக்கு,

போன வருஷத்துச் சேதி உனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துப் பதினோரு கொல்லைக்காரர்கள் சரியான நாளில் தெளித்தார்கள், அவர்கள் இலை நின்றது. இந்த வருஷம் நாற்பது பேருக்கு மேல் தயாராக இருந்தார்கள். பொம்பளைகள் கையில் இலையோடு கூட்டேரிப்பட்டுக்கு நடந்துபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆவணியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இது முதல் புள்ளி, இது இரண்டாவது, இது வெறும் பூச்சிக்கடி என்று பாஞ்சாலி கண்ணாடி இல்லாமலே சொல்கிறாள்.

துத்தம் இல்லை. விழுப்புரம் கடையில் இல்லை, திண்டிவனத்தில் இல்லை, புதுச்சேரிக்கு ஆள் அனுப்பினோம், அங்கேயும் இல்லை. யுத்தம் வந்துவிட்டது, கப்பல் வரவில்லை, இருந்ததைப் பட்டணத்து வியாபாரிகள் பதுக்கிவிட்டார்கள் என்கிறார்கள். நோய் இன்னது என்று தெரியாதபோது கொல்லை போனால் தலையெழுத்து என்று உட்காரலாம். எல்லாம் தெரிந்துகொண்டு, இன்றைக்கு இந்த இலை, நாளைக்கு அந்த இலை என்று எண்ணிக்கொண்டு கையைக் கட்டி நிற்பது எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் மாமா நேற்று வெறும் பீச்சாங்குழலைக் கழுவி வெயிலில் வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை உன் ஆபீசர் வந்தார்.

நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மோட்டாரிலிருந்து ஒருவர் இறங்கிச் சுவருக்கு எதிரே குடை பிடித்து நின்றார். கூட இன்னொருவர், படம் எழுதுகிறவர், நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் தாளில் வரைய ஆரம்பித்தார். வந்தவர் அரங்கநாதன் என்று சோடாக்கடை விருத்தாசலம்தான் என் காதில் சொன்னார். சீமைப் பத்திரிகையில் நோய் இரண்டு என்று எழுதிவிட்டார்களாம், கம்பெனி புதுப் படம் போடப்போகிறதாம்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. நேரே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"என் தம்பிங்க. உங்களாண்ட வேலை பாத்தவன்."

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "கூலி வேலை செய்யற பொம்பளைன்னு அவன் சொன்னது உன்னைத்தானா?" என்றார். கூலி வேலை என்று சொன்னது நீங்கள்தான், என் தம்பி இல்லை என்றேன். மனுஷனுக்கு முகம் சிவந்துபோயிற்று. உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. துத்தம் எப்போது வரும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. உன் பெயர் புதுப் படத்தில் வராது. அதை இப்போதே தெரிந்துகொள்.

என் பஸ் வந்து போய்விட்டது. அந்தப் படக்காரர் சுவரில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள் காய்ந்துபோன வளையத்தையும் காய்ந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மழையில் காரை பெயர்ந்த இடத்தைக்கூட ஒரு புள்ளி என்று நினைத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் துத்தம் இல்லாத ஆத்திரம், உன் பெயர் இல்லாத ஆத்திரம் எல்லாம் ஒன்றாக வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கக் கொல்லையில் இறங்கி, யாருடையது என்றுகூடப் பார்க்காமல், இலைகளைக் கொத்தாகப் பிடுங்கி வந்து அவர் தாள் மேலேயே வைத்தேன்.

"செவுத்தப் பாத்து எழுதாதீங்க. இலையப் பாத்து எழுதுங்க. அடுத்த வருஷமாவது மருந்து வரும். அப்ப படம் தப்பா இருக்கக்கூடாது."

ஆபீசர் என்னைத் தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. குடையை மடக்கி மோட்டாரில் வைத்துவிட்டு வந்து, அவரே ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பிடித்தார். படக்காரர் இன்னொன்றை எடுத்தார். நான் பாஞ்சாலிக்குச் சொல்லிக் கொடுத்தது போலச் சொன்னேன். வெயிலுக்கு முதுகு காட்டுங்கள், இலையைச் சாய்த்துப் பிடியுங்கள், நடுவிலிருந்து பார்க்காதீர்கள், ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள்.

அடுத்த பஸ் வரும்வரை படக்காரர் ஒரு கோடும் போடவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உன் அக்கா
சவுரியம்மாள்